ஊமைக் கப்பலுக்கு ஒரு சொல்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில் இடதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால், நாங்குநேரி தாண்டும்போது கிழக்கே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பனைகளுக்கும் காற்றாலைகளுக்கும் மேலே, தொடுவானத்தில் யாரோ பென்சிலால் கீறிவிட்டதுபோல மெல்லிய கோடுகள் நிற்கும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் ‘அது நேவி’ என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரிந்திருக்காது.

விஜயநாராயணம் என்ற அந்த ஊரில் கடலும் இல்லை, துறைமுகமும் இல்லை. ஆனால் அங்கே இருப்பது இந்தியக் கடற்படைத் தளம். பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990 அக்டோபர் 20 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் அதைத் தொடங்கிவைத்தார். அங்குள்ள கம்பங்களில் மிக உயரமானது 471 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு தடவை அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். இந்தியாவில் மனிதர் எழுப்பிய எதுவும் இதைவிட உயரமாக இல்லை. வடமாநிலத்துப் பெரும் சிலைகளைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கிறது, நம் வீட்டுக் கொல்லையில் நிற்பதைப் பற்றித் தெரியவில்லை.

இவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? கடலுக்கடியில் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் காதில் ஒரு சொல்லைப் போட.

கடற்படையின் பலத்தைக் கணக்கிடும்போது நாம் கப்பல்களை எண்ணுகிறோம், ஏவுகணைகளை எண்ணுகிறோம். குடியரசு தின அணிவகுப்பிலும் அவைதான் வருகின்றன. வயர்லெஸ் அறையை யாரும் வண்டியில் ஏற்றி ஊர்வலம் விடுவதில்லை. ஆனால் கடற்போரின் வரலாற்றைப் புரட்டினால், குண்டு தீர்ந்துபோய்த் தோற்றவர்களைவிட, செய்தி வராமலும், தவறாக வந்தும், வந்த செய்தியை நம்பாமலும் மூழ்கியவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கடலில் பேச்சு என்பது இருபுறமும் கூரான கத்தி. வாயைத் திறந்தால் இருக்குமிடம் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் கட்டளையும் வராது, பக்கத்தில் வருவது சொந்தக்காரனா பகையாளியா என்றும் தெரியாது. நீர்மூழ்கியைப் போல இந்த இக்கட்டில் மாட்டிக்கொண்ட கலம் வேறொன்றில்லை. அதனால்தான் கதையை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறோம்.

உப்புத் தண்ணீர் என்னும் சுவர்

எஃப்.எம். வானொலியின் அலை ஒன்றின் நீளம் சுமார் 3 மீட்டர். காற்றில் அது கிலோமீட்டர் கணக்கில் போகும். கடலில் விட்டால் இரண்டரை சென்டிமீட்டருக்குள் அதன் பலத்தில் பாதிக்கு மேல் போய்விடும். அடுத்த இரண்டரை சென்டிமீட்டரில் மிச்சத்திலும் பாதிக்கு மேல். ஒரு சாண் ஆழத்தில் ஒன்றுமே இருக்காது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதுதான் காரணம். கடத்தும் எதுவும் வானொலி அலையைத் தின்றுவிடும். நம் கைப்பேசியின் அலைக்கு இதைவிட மோசமான கதி.

ஆனால் அலை நீள நீள, தண்ணீர் அதை மெதுவாகத் தின்கிறது. விஜயநாராயணம் பேசும் அலைவரிசைகளில் ஒன்று 18.2 கிலோஹெர்ட்ஸ். உலகெங்கும் வானொலி ஆர்வலர்கள் அந்த ஓசையைப் பிடித்துக் குறித்துவைத்திருக்கிறார்கள் என்பதால் இதில் ரகசியம் ஏதுமில்லை. அந்த அலை ஒன்றின் நீளம் பதினாறரை கிலோமீட்டர். ஒரே ஓர் அலைக்குள் ஒரு சின்ன நகரமே அடங்கிவிடும். இத்தகைய அலை, பலம் குன்றிக்கொண்டே வந்தாலும், கடலுக்குள் பத்து இருபது மீட்டர் வரை இறங்குகிறது. காற்றிலோ, பூமிக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே ஏதோ குழாய்க்குள் ஓடுவதுபோல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகிறது. நாட்டின் தென்முனையில் நின்று பேசினால் அரபிக்கடலும் வங்கக்கடலும் இந்துமாக்கடலும் ஒருசேரக் கேட்கும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஓர் ஆன்டெனா நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால்பங்காவது இருக்கவேண்டும். அதாவது நான்கு கிலோமீட்டர் உயரம்! நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் 471 மீட்டர் கம்பம் அந்தக் கணக்கில் வெறும் குள்ளன், அலைநீளத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இப்படிப்பட்ட நிலையங்களில் கம்பத்துக்குக் கம்பம் உச்சியில் வலைபோல வடங்களை இழுத்துக் கட்டுகிறார்கள். பூமிக்கடியில் செப்புக் கம்பிகளைப் பரப்பிப் புதைக்கிறார்கள். ராட்சத அளவில் மின்சாரத்தைக் கொட்டுகிறார்கள். ஏக்கர் ஏக்கராக நிலம் தேவைப்படுவதும் இதனால்தான். தெலங்கானாவின் விகாராபாத் அருகே தாமகுண்டம் காட்டில் நாட்டின் இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது ஏறத்தாழ 2,900 ஏக்கர் கேட்டது. காட்டு மரங்கள் போகுமே என்று அங்கே எழுந்த எதிர்ப்பு நியாயமானது. நாட்டின் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லால் அதை வாயடைத்துவிட முடியாது.

கேட்கும் பக்கத்திலும் சிரமம் உண்டு. நீர்மூழ்கி மேலே வராமல், ஆனால் மேல்மட்டத்துக்கு அருகே ஏறிவந்து, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள கம்பி ஒன்றை வால்போல மிதக்கவிட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். அந்த வாலில்தான் செய்தி வந்து விழும். வேகமோ படுமோசம், நொடிக்குச் சில நூறு பிட். வாட்ஸ்அப்பில் நாம் தினமும் அனுப்பும் ஒரு சாதாரணக் காலை வணக்கப் படம், சுமார் 200 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், இந்த வழியில் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே படம் போகாது. சங்கேதத்தில் சுருக்கிய சில வரிகள்தான் போகும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இது ஒருவழிப் பாதை. கரை பேசும், கப்பல் கேட்கும். பதில் சொல்லக் கப்பலால் முடியாது. 471 மீட்டர் கம்பத்தை நீர்மூழ்கியில் எங்கே நடுவது? வேறு வழியில் பதில் சொல்லவேண்டுமென்றால் ஆன்டெனாவை நீருக்கு மேலே நீட்டவேண்டும், அப்படி நீட்டினால் ஒளிந்திருந்த பயன் போச்சு. ‘கேட்டது, புரிந்தது’ என்ற ஒற்றை வார்த்தைகூட வராமல், கரையில் இருப்பவர்கள் அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

இந்த வித்தை புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் கால்பே என்ற ஊரில் ‘கோலியாத்’ என்ற பெயரில் இப்படியொரு நிலையத்தை 1943-இல் எழுப்பினார்கள். போர் முடிந்ததும் சோவியத்துக்காரர்கள் அதை அக்கு அக்காகக் கழற்றி ரயிலேற்றிக்கொண்டுபோய், கார்க்கி நகருக்கு அருகே மறுபடி நட்டார்கள். தோற்ற நாட்டிலிருந்து தங்கத்தையும் ஓவியத்தையும் அள்ளிப்போவார்கள். ஆன்டெனாவை அள்ளிப்போகிறவனுக்குத்தான் கடற்போர் புரிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்கர்கள் இன்னும் ஒருபடி போனார்கள். 76 ஹெர்ட்ஸ், அதாவது அலை ஒன்றின் நீளம் நாலாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விஸ்கான்சின், மிச்சிகன் காடுகளில் சுமார் 135 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து, அடியில் இருந்த பாறையையே ஆன்டெனாவின் பாகமாக்கிப் பேசினார்கள். நூறு மீட்டருக்கும் கீழே அது கேட்டது. ஆனால் மூன்று எழுத்துச் சங்கேதம் ஒன்று போய்ச்சேரக் கால்மணி நேரம் ஆனது. ‘மேலே வந்து கேள்’ என்று மணியடிக்கத்தான் அது உதவியது. 2004-இல் மூடிவிட்டார்கள்.

மாஸ்கோவின் குரல் வராத நாள்

கட்டளை வராத நீர்மூழ்கி என்ன செய்யும்? 1962 அக்டோபர் 27 அன்று உலகம் அந்தக் கேள்வியின் விளிம்பில் நின்றது, உலகத்துக்கே தெரியாமல்.

கியூபா நெருக்கடியின் உச்சம். சோவியத்தின் பி-59 என்ற நீர்மூழ்கியை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, காற்று கெட்டுக்கொண்டிருந்தது. மேலே வந்தால் பிடிபடவேண்டும். ஆழத்தில் இருந்தால் மாஸ்கோவின் குரல் வராது. மேலேயிருந்து அமெரிக்கர்கள் பயிற்சிக் குண்டுகளைப் போட்டார்கள். ‘வெளியே வா’ என்பதற்கான சமிக்ஞை அது. இப்படிக் குண்டு போடுவோம், இதற்கு இதுதான் பொருள் என்று வாஷிங்டன் இரண்டு நாளுக்கு முன்பே மாஸ்கோவுக்குச் சொல்லியிருந்தது. அந்தச் செய்தி கடலடியில் இருந்தவர்களுக்குப் போய்ச்சேரவில்லை.

உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது வெடியோசை மட்டுமே. மேலே போர் மூண்டுவிட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கப்பலில் அணுகுண்டு பொருத்திய டார்பிடோ ஒன்று இருந்தது. கேப்டன் சாவிட்ஸ்கி பொறுமையிழந்து அதைத் தயார்செய்யச் சொன்னதாக உடனிருந்த அதிகாரி ஒருவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். அணிப்பிரிவின் தலைமை அலுவலராக அதே கப்பலில் வந்த வசீலி ஆர்கிபோவ் அவரைத் தணித்தார், கப்பல் மேலே வந்தது. அன்றைக்கு ஆபத்து எவ்வளவு அருகில் வந்தது என்பதில் நினைவுகூர்ந்தவர்களிடையே வேறுபாடு உண்டு. குண்டின் பொருளை விளக்கும் செய்தி வழியிலேயே தொலைந்தது என்பதில் வேறுபாடு இல்லை.

இந்தியாவின் அணுநீர்மூழ்கி அரிஹந்த் 2016-இலும் அடுத்தது அரிகாட் 2024-இலும் சேவைக்கு வந்தன. ‘நாங்கள் முதலில் அணுகுண்டு போடமாட்டோம், எங்கள்மீது போட்டால் திருப்பித் தராமல் இருக்கமாட்டோம்’ என்பது நம் நாட்டின் கொள்கை. அந்தத் திருப்பித் தருதல் நிலத்துத் தளங்கள் அழிந்த பிறகும் சாத்தியம் என்று எதிரி நம்பவேண்டும், அதற்காகத்தான் கடலடியில் ஏவுகணைகள். கட்டளையிடும் அதிகாரம் பிரதமர் தலைமையிலான அரசியல் குழுவிடம் இருக்கிறது. டெல்லிக்கும் கடலடிக்கும் நடுவே உள்ள இழை அறுந்தால் இந்தக் கொள்கை வெறும் காகிதம். இன்னும் மோசமாக, பி-59-இல் நடந்ததுபோல, காகிதத்தில் எழுதாத ஏதோ ஒன்று நடந்துவிடலாம். நாங்குநேரித் தாலுகாவின் கரிசலிலும் செம்மண்ணிலும் ஊன்றிய கம்பங்களுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது.

எண்ணெய் கேட்டு வந்த தந்தி

இனி வாயைத் திறந்து மாட்டிக்கொண்டவர்கள் கதை. இதற்கும் நம் கடலுக்கும் நெருக்கமான தொடர்பு உண்டு.

1971 நவம்பர், இந்திய-பாகிஸ்தான் போருக்கு முந்தைய நாட்கள். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கராச்சியிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்குள் வந்தது. தேடியது, இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. கொதிகலன் ஒன்றில் விரிசல் விட்டிருந்ததால் விக்ராந்தால் முழு வேகத்தில் ஓட முடியாது, மாட்டினால் தப்பாது. கிழக்குக் கட்டளையகத்தின் தலைவர் வைஸ் அட்மிரல் என்.கிருஷ்ணன், விக்ராந்தைச் சத்தமில்லாமல் அந்தமானுக்கு அனுப்பிவிட்டார்.

காஸி வந்திருப்பது கிருஷ்ணனுக்கு எப்படித் தெரிந்தது? அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சிட்டகாங்கிலிருந்த பாகிஸ்தான் கடற்படையினரிடம் ஒரு குறிப்பிட்ட மசகு எண்ணெய் பற்றி விசாரித்து அனுப்பப்பட்ட செய்தி ஒன்று இந்தியர்கள் காதில் விழுந்தது. அந்த எண்ணெயை நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிக் கப்பல்களும்தான் பயன்படுத்தும். கண்ணிவாரி கராச்சியிலிருந்து அவ்வளவு தூரம் வராது. அப்படியானால் வந்திருப்பது நீர்மூழ்கி, அதுவும் இவ்வளவு தூரம் வரக்கூடியது காஸி மட்டும்தான். ஒரு ஸ்டோர் கிளார்க்கின் சந்தேகம்போலத் தோன்றும் சாதாரண விசாரணை அது. அதிலிருந்தே கப்பலின் பெயர் கிடைத்துவிட்டது.

அடுத்து கிருஷ்ணன் ஆடியதுதான் அசல் நாடகம். ஓய்வுபெறக் காத்திருந்த ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நிறுத்தி, விக்ராந்த் பேசுவதுபோலவே வயர்லெஸில் ஓயாமல் பேசவைத்தார். பெரிய கப்பல் என்றால் செய்திப் போக்குவரத்து பெரிதாக இருக்கும், அந்தக் கனத்தை ராஜ்புத் நடித்துக்காட்டியது. விசாகப்பட்டினம் சந்தையில் ஒரு பெரிய படைக்குப் போதுமான இறைச்சியும் காய்கறியும் ஆர்டர் கொடுக்கப்பட்டன. மாலுமி ஒருவர் தாயாரின் உடல்நலம் கேட்டுச் சாதாரணத் தந்தி அனுப்ப, விதியை மீறிய தவறுபோல, ‘அனுமதித்தார்கள்’. ஊர்வாய்க்கும் வேவுக்காரன் காதுக்கும் தேவையானதெல்லாம் போய்ச்சேர்ந்தது.

டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டி, விசாகப்பட்டினம் துறைமுக வாயிலருகே காஸி வெடித்து மூழ்கியது. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டால்தான் என்று இந்தியா சொன்னது, காஸி தானே பதித்துக்கொண்டிருந்த கண்ணியாலோ உள்வெடிப்பாலோ என்று பாகிஸ்தான் சொன்னது. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் விக்ராந்த் இல்லாத வாசலில் காஸியைக் கொண்டுவந்து நிறுத்தியது பொய்யான பேச்சு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த இரவு மேற்குக் கரையில் நடந்தது வேறுவிதப் பாடம். இந்திய ஏவுகணைப் படகுகள் நிபாத், நிர்காட், வீர் மூன்றும் கராச்சியை நோக்கிப் போயின. பாகிஸ்தானின் கைபர் கப்பல் அடிபட்டபோது தாக்கியது விமானம் என்றே நினைத்துக்கொண்டு செய்தி அனுப்பியது. அதில் சொன்ன இடமும் தவறு. தேடிப்போனவர்கள் வேறு தண்ணீரில் தேடினார்கள். முஹாஃபிஸ் என்ற கண்ணிவாரி ஒரு செய்திகூட அனுப்ப நேரமின்றி மூழ்கியது. தலைமையகத்துக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. கலவரம் எவ்வளவு தூரம் போனதென்றால், இரண்டு நாள் கழித்து, பறந்து தேடிய விமானமொன்று இந்திய ஏவுகணைப் படகு என்று அடையாளம் சொல்ல, பாகிஸ்தான் விமானப்படையின் சேபர் விமானங்கள் தங்கள் நாட்டின் ஸுல்ஃபிகார் என்ற போர்க்கப்பலையே சுட்டுத் துளைத்தன. இந்தியக் கடற்படை தினமாக டிசம்பர் 4-ஐக் கொண்டாடும்போது ஏவுகணைகளின் சாகசத்தைத்தான் சொல்கிறோம். எதிரியின் செய்தித் தொடர்பு குலைந்ததற்கும் அந்த வெற்றியில் கணிசமான பங்குண்டு.

பேசிக்கொண்டிருந்த காது

1982 மே 4. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய பால்க்லாந்துத் தீவுக் கடல். பிரிட்டனின் ஷெஃபீல்ட் என்ற நாசகாரிக் கப்பல் முன்வரிசைக் காவலில் நின்றது. அர்ஜென்டினாவின் இரண்டு சூப்பர் எதாந்தார் விமானங்கள் கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. விமானத்தின் ராடார் ஒரு கணம் கண்திறந்தாலும் அந்த ஒளிர்வைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவி ஷெஃபீல்டில் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் கப்பல் தாய்நாட்டுடன் செயற்கைக்கோள் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பு எச்சரிக்கைக் கருவியின் காதை அடைத்துவிட்டது.

அருகே இருந்த கிளாஸ்கோ கப்பல் விமானங்களைக் கண்டுகொண்டு எச்சரிக்கை கொடுத்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே பொய்யான எச்சரிக்கைகள் வந்து அலுத்திருந்ததால் மதிப்பார் இல்லை. வான்பாதுகாப்பைக் கவனிக்கவேண்டிய அதிகாரி இயக்க அறையில் இல்லை என்று பிறகு நடந்த விசாரணை சொன்னது. எக்ஸோசே ஏவுகணை பக்கவாட்டில் பாய்ந்தது, 20 பேர் இறந்தார்கள். கயிறு கட்டி இழுத்துப் போகும்போது மே 10 அன்று கப்பல் மூழ்கியது.

இந்தச் சம்பவத்தை நான் அடிக்கடி நினைத்துப்பார்ப்பேன். செய்தித் தொடர்பு கெட்டதால் வந்த அழிவு இதில்லை, அது மிக நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. நவீனப் போர்க்கப்பலில் ராடார், எதிரியின் ராடாரைக் கேட்கும் காது, செயற்கைக்கோள் இணைப்பு, விமானங்களுடனான வயர்லெஸ் எல்லாம் ஒரே கொடிமரத்தைச் சுற்றி நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்று கத்தும்போது இன்னொன்றுக்குக் கேட்காது. எதை எப்போது அணைப்பது, எதை எப்போது திறப்பது என்று வகுப்பதே இன்று தனிக்கலை. முழு மௌனத்தில் போகும் அணிகள் இன்றும் கொடிகளாலும் விளக்கை மூடித்திறந்தும்தான் பேசிக்கொள்கின்றன. விளக்கொளியை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எந்த ஒட்டுக்கேட்பானும் பிடிக்க முடியாது.

ஸ்டிங்கி

2013 ஆகஸ்டில் தென்னமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-7, கடற்படைக்கென்றே இந்தியா செய்த முதல் செயற்கைக்கோள். மாலுமிகள் வைத்த பெயர் ருக்மிணி. அதற்கு முன்புவரை நம் கப்பல்கள் இன்மார்சாட் போன்ற வெளியார் சேவையைக் காசு கொடுத்து நம்பியிருந்தன. 2014 தொடக்கத்தில் வங்கக்கடலில் நடந்த பயிற்சியில் சுமார் 60 கப்பல்களையும் 75 விமானங்களையும் ருக்மிணி ஒரே வலையில் கோத்தாள். ஒரு கப்பலின் ராடார் கண்டதை மற்றெல்லாக் கப்பல்களும் தங்கள் திரையில் காணலாம். தன் ராடாரைத் திறக்காமலேயே, அடுத்தவன் கண்ணால் பார்க்கலாம். 2025 நவம்பர் 2 அன்று அவள் இடத்தை நிரப்ப, 4,410 கிலோ எடையுள்ள ஜிசாட்-7ஆர் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே கிளம்பியது.

இப்படியெல்லாம் பின்னிய வலையை ஒரு டிஷ் ஆன்டெனா எப்படிக் கேலிக்கூத்தாக்கும் என்பதற்கு அமெரிக்கக் கடற்படையே சாட்சி. 2023-இல் யு.எஸ்.எஸ். மான்செஸ்டர் என்ற போர்க்கப்பல் பசிபிக் பயணத்துக்குக் கிளம்பியபோது, அதன் மூத்த மாலுமிகள் சிலர் காசு போட்டு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவையின் டிஷ் ஒன்றை வாங்கி மேல்தளத்தில் ரகசியமாகப் பொருத்திவிட்டார்கள். வீட்டாருடன் பேச, கிரிக்கெட் இல்லை, அவர்கள் ஊர் விளையாட்டுகளின் ஸ்கோர் பார்க்க! வைஃபைக்குப் பெயர் ‘ஸ்டிங்கி’, அதாவது நாற்றம் பிடித்தது. கேப்டனுக்கு நேரடியாகச் சொன்னவர்களும் இருந்தார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை. பல மாதம் கழித்து, அதிகாரபூர்வமான வேறொரு கருவியைப் பொருத்த வந்த பணியாளர் கண்ணில்தான் அது பட்டது. தலைமையேற்றவர் ராணுவ நீதிமன்றத்தில் பதவியிறக்கம் பெற்றார். கப்பலின் இருப்பிடத்தை மறைக்க கோடிக்கணக்கில் செலவழித்துக்கொண்டிருந்தபோது, மேல்தளத்தில் ஒரு வெள்ளைத் தட்டு வானத்தைப் பார்த்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மாலுமியும் மனிதன். ஆறு மாதம் குழந்தையின் குரல் கேட்காமல் இருக்கச் சொல்லும் அமைப்பு, அந்த ஏக்கத்துக்கு ஒரு வழி வைத்திருக்கவேண்டும். வைக்காவிட்டால் ஏக்கம் தானே வழி செய்துகொள்ளும்.

கருங்கடலில் இதே ஸ்டார்லிங்க் வேறு வேடம் போட்டது. சொல்லும்படியான பெரிய போர்க்கப்பல் எதுவும் கையில் இல்லாத உக்ரைன், செயற்கைக்கோள் வழி ஓட்டும் ஆளில்லாப் படகுகளால் ரஷ்யக் கடற்படையைக் கிரீமியாவின் துறைமுகங்களிலிருந்து பின்வாங்கவைத்தது. படகை ஓட்டுகிறவன் கரையில் இருக்கிறான், படகுக்கும் அவனுக்கும் நடுவே இருக்கும் இணைப்புதான் ஆயுதம். கிரீமியாவுக்கு அருகே அந்த இணைப்பைத் திறக்க அதன் முதலாளி மறுத்த சம்பவமும் நடந்தது. ஒரு நாட்டின் கடற்போர் ஒரு தனியார் நிறுவன அதிபரின் ‘சரி’, ‘இல்லை’யில் தொங்கியது வரலாற்றுக்குப் புதிது. ருக்மிணிக்குச் செலவழித்தது வீணா என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும்.

எழுபது கிலோமீட்டர்

விஜயநாராயணத்திலிருந்து மேற்கே நேர்க்கோட்டில் சுமார் எழுபது கிலோமீட்டர் போனால் தூத்தூர் வட்டாரம். ஆழ்கடலில் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் போய்வருகிற மீனவர்களின் ஊர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலில் வந்தபோது, இவர்களில் பலர் பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். கரையில் கொடுத்த எச்சரிக்கை அவர்களுக்குக் கேட்கவில்லை. படகிலிருந்த வயர்லெஸ் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது, அவர்களோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குமரி மீனவர்கள் திரும்பவே இல்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. சொந்தப் படகுகளை எடுத்துக்கொண்டு ஊர்க்காரர்களும் தேடினார்கள்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் கப்பலுக்கு ஒரு வரி செய்தி அனுப்பத் தெரிந்த நாடு, கடலின் மேலே, வெட்டவெளியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு ‘புயல் வருது, திரும்பு’ என்று சொல்ல முடியாமல் நின்றது. இரண்டும் வேறு வேறு தொழில்நுட்பம், வேறு வேறு துறை என்று அதிகாரிகள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தக் கம்பங்களின் சிவப்பு விளக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகுகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர்களைச் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும்படி படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள். இருபுறமும் செய்தி போகும், ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். தாமதம்தான், ஆனால் வந்தது.

கட்டபொம்மன் என்ற பெயரை அந்த நிலையத்துக்கு யார் தேர்ந்தார்களோ, அவர்களுக்கு அவன் தம்பி நினைவில் இருந்தானா என்று தெரியவில்லை. 1799-இல் கயத்தாற்றில் அண்ணனைத் தூக்கிலிட்ட பிறகு, 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பியவன் ஊமைத்துரை. பேச்சு வராதவன். அவனை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில், பகைவன் என்ற எண்ணம் மறந்து வியந்து எழுதியிருக்கிறார். அவன் சைகைக்கு ஒரு படையே கட்டுப்பட்டது என்கிறார். தாக்கக் கட்டளையிடும் விதத்தையும் விவரிக்கிறார். சின்னச் சின்ன வைக்கோல் துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்குவானாம், அவை கம்பெனிப் படை. பிறகு நேரத்தைச் சைகையால் காட்டுவான். அப்புறம் வலது கையை அதன்மேல் ஓட்டி, வாயால் ‘விஸ்ஸ்’ என்று ஓர் ஓசையெழுப்பி, துரும்புகளை ஒரே வீச்சில் தட்டிவிடுவான். சுற்றி நின்றவர்கள் ஈட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.